எருசலேம் செல்ல முடியாத குடும்பங்களுக்கு நேபோ மலை: ஜொகூர் கிறிஸ்துவர்களுக்கு ஒரு திருப்பயண விளக்கம்

மலேசியக் கடப்பிதழில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டுள்ளது. இஸ்ரேலைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் அக்கடப்பிதழ் செல்லும் என்பதே அது. குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் என்று ஜொகூர் முழுவதும் வாழும் தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்கள், பெற்றோரின் காலம் முடிவதற்குள் அவர்களைப் புனித பூமிக்கு ஒரு தடவையாவது அழைத்துச் செல்ல வேண்டும் என்று பணம் சேர்க்கத் தொடங்கும்போது முதலில் எதிர்ப்படுவது இந்த வாசகம்தான்.

இதனால் எருசலேமுக்குப் போகவே முடியாது என்று பொருளல்ல. மலேசியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அரசதந்திர உறவு இல்லை என்றாலும், திருப்பயணம் செல்லும் கிறிஸ்துவர்களுக்கு உள்துறை அமைச்சு சிறப்பு அனுமதி வழங்கி வந்துள்ளது. ஆனால் 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு உலகம் முழுவதிலுமிருந்து புறப்பட இருந்த திருப்பயணக் குழுக்கள் பல, பயணத்தைக் கைவிட நேர்ந்தது. வயதான அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது என்ற கேள்வி எழுவது இயல்பே.

ஜோர்டானும் வேதாகம பூமிதான்

வேதாகமத்தில் வரும் இடங்கள் எல்லாம் இஸ்ரேலில் மட்டும் இல்லை. அண்டை நாடான ஜோர்டானிலும் முக்கியத் திருத்தலங்கள் உள்ளன. மலேசியக் கடப்பிதழின் தடை இந்நாட்டுக்குப் பொருந்தாது.

அவற்றில் முதலாவது நேபோ மலை. கத்தோலிக்கர்கள் இணைச்சட்டம் என்றும் மற்ற சபையினர் உபாகமம் என்றும் சொல்லும் நூலின் கடைசி அதிகாரம் இம்மலையில்தான் நடக்கிறது. எகிப்திலிருந்து மக்களை 40 ஆண்டுகள் வழிநடத்தி வந்த மோசே, தமது 120ஆவது வயதில் இம்மலையில் ஏறி, வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் காண்கிறார். ஆனால் அங்கே போக அவருக்கு அனுமதியில்லை. பார்த்த பிறகு அந்தப் பக்கத்திலேயே இறந்துபோகிறார். அவருடைய கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையிலிருந்து பார்த்தால் சாக்கடலும் யோர்தான் பள்ளத்தாக்கும் எரிகோ பகுதியும் தெரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் எருசலேம் மலைகளையும் காணலாம். பிரான்சிஸ்கன் துறவிகள் 1932இல் இந்த இடத்தை வாங்கினர். மறு ஆண்டு அகழாய்வு தொடங்கியது. பழங்கால ஆலயத்தின் அடித்தளமும், வேட்டைக் காட்சிகளும் விலங்குகளும் கொண்ட 6ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரமும் வெளிப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இங்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஒரு ஒலிவ மரக் கன்றை நட்டார்.

'அக்கரை' எது?

இரண்டாவது இடம் அல் மக்தாஸ். இயேசு திருமுழுக்குப் பெற்ற இடமாக இது போற்றப்படுகிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம், யோவான் திருமுழுக்குக் கொடுத்த இடம் யோர்தானுக்கு அக்கரையில் உள்ள பெத்தானியா என்கிறது. எருசலேமிலிருந்து பார்க்கும்போது அக்கரை என்பது ஆற்றின் கிழக்குக் கரை. அதாவது, இன்றைய ஜோர்டான் நாட்டின் கரை.

பல ஆண்டுகள் இது இராணுவப் பகுதியாக இருந்தது. 1994இல் ஜோர்டானும் இஸ்ரேலும் சமாதான ஒப்பந்தம் செய்த பிறகே கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு அகழாய்வு நடந்தது. 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஆற்று நீர் மேற்பகுதியிலேயே பெருமளவு எடுக்கப்படுவதால், இங்கு யோர்தான் சில மீட்டர் அகலமே உள்ள கலங்கிய ஓடையாகத்தான் தெரியும். பெரிய நதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எதிர்க்கரையில் நிற்பவர்களின் முகம் தெரியும். ஆனால் ஆற்றைக் கடக்க முடியாது.

நேபோவுக்கு அருகில் உள்ள மடபா நகரின் புனித ஜார்ஜ் ஆலயத் தரையில், 6ஆம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்ட புனித பூமியின் வரைபடம் இருக்கிறது. எருசலேம் நகரம் அதில் வாசல்களும் தெருக்களுமாகக் காணப்படுகிறது.

புறப்படும் முன்

பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பயணம் ஜோர்டானோடு முடிகிறதா, எருசலேமும் உண்டா? உண்டென்றால் உள்துறை அமைச்சின் அனுமதி எழுத்துப்பூர்வமாகக் கிடைத்துவிட்டதா? எல்லை மூடப்பட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? பதில் எழுத்தில் இல்லையென்றால் பொறுத்திருப்பதே மேல். அனுமதியின்றி இஸ்ரேலுக்குள் செல்வது பின்னர் குடிநுழைவுத் துறையிடம் பதில் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கும்.

முதியோர் உடன் வந்தால் மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் உள்ள மாதங்கள் ஏற்றவை. கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள அல் மக்தாஸில் கோடை வெயில் கடுமையாக இருக்கும். நேபோவில் குளிர்காலக் காற்று எலும்பைத் துளைக்கும். இரண்டு இடங்களிலும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டு செல்வது நல்லது.

எருசலேமை மிதிக்காமல் வந்தால் அது திருப்பயணமா என்று சிலர் கேட்கலாம். வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டை நோக்கியே நடந்த மோசே, கடைசியில் நின்ற இடம் நேபோ மலை. அதே இடத்தில் குடும்பத்தோடு நின்று மறுகரையைப் பார்த்துச் செபிப்பவர்களின் பயணத்தைக் குறையானது என்று யாரும் சொல்லிவிட முடியாது.