குடாநாட்டின் நிலத்தடி நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப் பெயர் கொண்ட ஒன்று உண்டு. அதுவும் மாரிகாலத்தில் ஓடி அராலிப் பக்கத்துக் கடலேரியிற் கலந்து, கோடையில் வெறுந் தரையாகிவிடும். மலைகளும் இல்லை, வன்னியிற் காணப்படுவன போன்ற பெருங் குளங்களும் இல்லை. இருந்தும் இங்கே தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைந்து வருகின்றன. மக்களும் நெருங்கி வாழ்ந்து வருகின்றனர். இவை அனைத்துக்கும் ஆதாரமாயிருப்பது நிலத்தின் கீழுள்ள நீரேயாகும். அந்நீர் எவ்வாறு அங்கே தங்கியிருக்கிறது, எதனாற் கெடுகிறது, அதனை எங்ஙனம் காக்கலாம் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்குப் புவிச்சரிதவியல் அறிஞர், நீரை ஆராயும் இரசாயன அறிஞர், உயிரினங்களின் சூழலை ஆராய்வோர் ஆகிய முத்திறத்தாரின் துணையும் வேண்டும்.

முதலிற் கல்லைப் பார்ப்போம். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளாலானது. வடமேற்கே புத்தளம் முதலாக வடக்கே குடாநாடு வரையுள்ள கரையோரப் பகுதியோ வேறு இயல்புடையது. இங்கே நிலத்தின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். இன்றைக்கு ஏறத்தாழ 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில் இப்பகுதி ஆழங்குறைந்த கடலின் அடியிற் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் சுண்ணப் படிவுகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியே இக்கல் உண்டாயிற்று. கிணறு வெட்டும்போது கல்லினிடையே சிப்பிகளின் வடிவங்கள் தென்படுவது இக்காரணம் பற்றியேயாம். காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டளவில் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டதற்கும் இக்கல்லே காரணம்.

பளிங்குருப் பாறை நீரை எளிதில் உட்கொள்வதில்லை. சுண்ணாம்புக்கல்லோ நீரை உட்கொள்வதோடு நில்லாது அந்நீரிற் கரையவுஞ் செய்கிறது. மழைத்துளி வானத்தினின்று விழும்போது வளியிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிதளவு கரைத்துக்கொள்கிறது. மண்ணூடாகச் செல்லும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டை மேலும் சேர்த்துக்கொள்கிறது. இவ்வாறு மென்மையான அமிலமாக மாறிய நீர், கல்லின் வெடிப்புகளிற் புகுந்து அதனைக் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்துவிடுகிறது. வெடிப்பு பிளவாகிறது; பிளவு குகையாகிறது; குகையின் கூரை இடிந்து விழும்போது நிலத்திற் பெரும் பள்ளம் தோன்றுகிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு அவ்வாறு உண்டானதென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்று ஊரார் வழங்கும் கதையும், அதன் ஆழத்தைக் கண்டு மக்கள் கொண்ட வியப்பினையே காட்டுகிறது.

இரசாயன மாற்றத்தின் மறுபக்கத்தை ஒவ்வொரு வீட்டின் அடுக்களையிலுங் காணலாம். கிணற்று நீரைக் கேத்தலிற் கொதிக்கவைக்கும்போது, கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று மீண்டும் சுண்ணாம்பாகிக் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறது. நிலத்தின் கீழ் நீரிற் கரைந்த கல், அடுப்பின் மேல் மறுபடியும் கல்லாகிவிடுகிறது.

இனி, அந்நீர் தங்கியிருக்கும் முறையைக் கருதுவோம். குடாநாட்டைச் சுற்றிலும் கடல், உள்ளேயும் கடலேரிகள். சுண்ணாம்புக்கல்லோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. ஆகவே நிலத்தின் கீழும் கடல்நீர் புகுந்திருக்கிறது. ஆயினும் கிணற்றில் நன்னீர் கிடைக்கிறது. கடல்நீர் நன்னீரிலும் பாரமானது என்பதே இதற்குக் காரணம். நன்னீரின் அடர்த்தியை ஒன்று எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். அதாவது, நாற்பது அடி உயரமான கடல்நீர்க் கம்பமும் நாற்பத்தோரடி உயரமான நன்னீர்க் கம்பமும் சம பாரமுடையன. எனவே, மாரி மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே நாற்பதடி வரை நன்னீர் நிற்கும். இந்த உண்மையை நெதர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் பாடொன் கெய்பன் 1880களின் இறுதியிலும், செர்மனியரான ஏர்ட்சுபேர்க் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துக் கூறினர். இரு புறமும் குவிந்த கண்ணாடி வில்லையைப் போல நடுவிற் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதனால், இதனை நன்னீர் வில்லை என அழைப்பர்.

இக்கணக்கில் ஓர் ஆறுதலும் உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேலே ஓரடி கூடினாற் கீழே நாற்பதடி கூடும் என்பது ஆறுதல். மேலே ஓரடி குறைந்தால், நாளடைவிற் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி வரை மேலேறக்கூடும் என்பது எச்சரிக்கை. வெடிப்புகள் மலிந்த கல்லில் நன்னீரும் உவர்நீரும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நில்லாமையால், கணக்கிற் கண்டதற்கு முன்னரே கலப்பு நேர்ந்துவிடுவதும் உண்டு. நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இவ்வமைப்பை நேரிற் காட்டும் சான்றாகும்.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. துலாவில் ஏறி நடப்பவரும், பட்டை பிடிப்பவரும், தண்ணீர் கட்டுபவருமாகப் பலர் விடியற்காலையில் முயன்றாலும், மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக அமைந்தது. கிணறும் இளைப்பாறி ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் அந்த எல்லை நீங்கிற்று. இயந்திரம் களைப்பதில்லை. கிணற்றின் நீர்மட்டம் விரைந்து தாழும்போது, அதற்கு நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்பு வடிவில் மேலெழுகிறது. ஒருமுறை உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கலாம்.

நீரின் நிலையை நாவாற் சுவைத்து ஓரளவுக்கே அறியலாம். இரசாயன அறிஞரோ நீரிற் கரைந்துள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரு சாட்சியாகக் கொண்டு விசாரிக்கிறார். குளோரைட்டு மிகுந்திருந்தால், கடல்நீர் கலந்ததோ என ஐயுறுகிறார். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டதும் தோன்றும் வெண்ணிற வீழ்படிவு அதன் அளவை அறிவதற்கு உதவுகிறது. கல்சியம், நீர் கல்லூடாக வந்த வழியைக் கூறுகிறது. நைத்திரேற்று மிகுந்திருப்பின், அது தோட்டத்திலிட்ட உரத்தினின்றோ, மலக்குழியினின்றோ வந்திருக்கலாம் என்று முடிவு செய்கிறார்.

இம்மூன்றினுள் மிகவும் கருத்திற் கொள்ள வேண்டியது நைத்திரேற்றாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கிணற்று நீரிலிருக்கும் அளவிற் சுவையும் தெரிவதில்லை. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள எல்லை. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்துள்ளன என்பதை 1980களிலேயே ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். செம்மண் படை பல இடங்களில் ஆழங்குறைந்தது. பயிர் உறிஞ்சாது விட்ட யூரியா முதலிய உரங்களின் பகுதி மழைநீரோடு இறங்கி, கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றை அடைகிறது. ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அண்மித்திருக்குமாயின் தீங்கு இரட்டிப்பாகிறது.

இதனால் முதலில் இடருறுவோர் கைக்குழந்தைகள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை ஆராய்ந்து, அதற்குக் காரணம் நைத்திரேற்றே என வைத்தியர் கொம்லி 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாததாக்கிவிடுகிறது. இங்கே தாய்மார் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமிகள் மடியும், நைத்திரேற்றோ நீங்காது. நீர் ஆவியாகிக் குறையும்போது, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். மணலும் கரியும் இட்டு வடிப்பதாலும் அது அகலாது. தாய்ப்பாலே பச்சிளங் குழந்தைக்குத் தக்க பாதுகாப்பு. பால்மா கொடுக்க நேர்ந்தாற் பரிசோதிக்கப்பட்ட நீரையே பயன்படுத்துதல் வேண்டும்.

கல்லின் வெடிப்புகள் எதனையும் தடுத்து நிறுத்துவதில்லை என்பதற்குச் சுன்னாகம் ஓர் உதாரணம். மின்நிலையம் ஒன்றைச் சூழ்ந்த பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாயிற்று. மக்கள் தம் வீட்டுக் கிணற்றைக் கைவிட்டு, கொள்கலன்களில் வழங்கப்பட்ட நீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டிற் கட்டளையிட்டது. மண் தடித்த நிலத்தில் மெல்ல வடிந்து செல்லும் அழுக்கு, சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாய்க்காலில் ஓடுவதுபோல விரைந்து பரவக்கூடும்.

இந்நிலையில், நன்னீரைப் பெருக்க வழியில்லையா என்னும் வினா எழுகிறது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு எனப் பொருள்படும் திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரிநீரை ஆனையிறவுக் கடலேரியில் மறித்து, முள்ளியான் பக்கமாக வெட்டப்படும் கால்வாய் வழியே வடமராட்சிக் கடலேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்துவது அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆயினும் திட்டம் முழுமை பெறவில்லை. அணைகளின் கதவுகளும் காலப்போக்கிற் பழுதடைந்தன. பின்னர், 2024 ஆம் ஆண்டில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று தாளையடியிற் திறந்துவைக்கப்பட்டது.

கடலேரியை நன்னீராக்குதல் நன்மையே எனத் தோன்றும். அயல் வயல்களின் உவர் குறையும். கிணறுகளின் நன்னீர் மட்டமும் உயரும். ஆனால், இங்கேதான் உயிரினச் சூழலியலார் சில வினாக்களை எழுப்புகின்றனர். கடலேரி வெறும் நீர்த்தொட்டி அன்று. மாரியில் உப்புக் குறைந்தும் கோடையிற் கடலிலும் மிக்க உப்புடையதாகியும் மாறும் அந்நீரில், அம்மாற்றத்துக்கு ஏற்ப வாழப் பழகிய உயிர்கள் உள்ளன. இறாற் குஞ்சுகள் கடலேரியில் வளர்ந்து பின்னர் கடலுக்குச் செல்கின்றன. வாயில் அடைபட்டால் அவற்றின் வழியும் அடைபடும், மீனவரின் வருவாயும் குன்றும். 1938 ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும் 2015 ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளும் இத்தகைய உவர்நீரையே நாடுகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, பாசிகளையும் நுண்ணிய இறால் வகைகளையும் அவை வடித்து உண்கின்றன. அவற்றின் இறகிலுள்ள செந்நிறம் அவ்வுணவிலிருந்தே வருகிறது. நீரின் உப்பு மாறினால் உணவு மாறும். உணவு மாறினாற் பறவையும் வேறிடம் நாடும்.

ஆகையால், எந்தக் கடலேரியை எவ்வளவு மறிப்பது, எப்பருவத்தில் வாயிலைத் திறந்துவிடுவது என்பன பொறியியலாளர் தனித்துத் தீர்மானிக்கத்தக்கன அல்ல. கமக்காரனின் கிணறு, மீனவனின் வலை, பறவையின் இரை ஆகிய மூன்றும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றை நடுநின்று அளந்து கூறுவதே ஆராய்ச்சியின் பணி. அளந்தறியாது செய்யப்படும் தீர்மானம், ஒருவர் குறையைத் தீர்த்து மற்றொருவருக்குக் குறையை உண்டாக்குவதாகவே முடியும்.

பெருந் திட்டங்கள் அரசாங்கத்தின் பொறுப்பாகும். ஆயினும் ஒவ்வொரு வளவிலும் செய்யத்தக்கன பல உள்ளன. ஊர்க் குளங்களைத் தூர் வாரி வைத்தால், கடலுக்கு ஓடிவிடும் மாரிநீர் தங்கி நிலத்தில் ஊறும். கூரையில் விழும் மழையைச் சேமித்தாற் சில காலம் கிணற்றுக்கு ஓய்வு கிடைக்கும். பயிருக்குத் தேவையான உரத்தைப் பங்கிட்டுப் பல தடவையாக இடின், பயிரும் பயனடையும், நீரும் கெடாது. இடையிடையே நிறுத்தி இறைப்பதும், மலக்குழியைக் கிணற்றினின்று தூரத்தில் நீர் கசியாதபடி கட்டுவதும், ஆண்டுதோறும் குடிநீரைப் பரிசோதிப்பிப்பதும் எவர்க்கும் இயல்வனவே.

வேலிகள் நிலத்தின் மேலேதான் உள்ளன. கீழே கல்லின் வெடிப்புகளூடாக ஒரு வீட்டின் நீர் மறு வீட்டின் நீரோடு கலந்தே நிற்கிறது. தன் வளவில் ஒருவர் இடும் உரமும், இறைக்கும் நீரும், புதைக்கும் கழிவும் அயலாரின் செம்பு நீரிற் தம் அடையாளத்தை விட்டே செல்லும். இதனை உணர்ந்து நடப்பார்க்கு, இக்கல் இன்னும் நெடுங்காலம் நன்னீரைக் காத்து வழங்கும்.