உஷார்! ‘டாக்டர் சீட்டு இருக்கு, விட்டுடுவாங்க’ என்று நம்பாதீர்கள்

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் கையால் ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால், சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான்: “டாக்டர் சீட்டு இருக்குல்ல? கோர்ட்டுல விட்டுடுவாங்க.” தயவுசெய்து இதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

மனநோயாளிக்கு விலக்கு தரும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. நோய் இருந்ததா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. அந்தக் காரியத்தைச் செய்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தப்பா, சட்டத்துக்கு விரோதமா என்று அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்று கேட்கிறது. பத்து வருஷ ஃபைல் இருந்தாலும் அந்த ஒரு வேளைக்குப் பதில் வேண்டும்.

ஜார்க்கண்ட் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். சுட்டவர் மருந்துக்கடை நடத்தியவர். மனநோய்க்கு மருந்து எழுதிய சீட்டுகளைக் காட்டினார்கள். ஆனால் சுட்டதும் அங்கிருந்த டிரைவரை மிரட்டியிருக்கிறார், ஓடியிருக்கிறார், துப்பாக்கியைக் கிணற்றில் வீசியிருக்கிறார். தப்பென்று தெரிந்தவன்தானே ஒளிப்பான் என்றது நீதிமன்றம். தண்டனை உறுதியானது. சம்பவத்துக்கு முன்னால், அந்த நேரத்தில், அதற்குப் பின்னால் ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நீதிபதி துருவுவார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். நாலு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது பாதி மறந்துபோயிருக்கும்; அதனால் பார்த்ததை உடனே எழுதி வையுங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் ஆதாரம் வேண்டுமே! ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை வாங்கிய பில் எதையும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அன்றே போய் நில்லுங்கள். இன்ன நோய், இன்ன ஆஸ்பத்திரியில் வைத்தியம், உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். பழைய நோய் தெரியவந்தும் விசாரணை அதிகாரி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பாவிட்டால் அது அரசுத் தரப்பு வழக்கின் பெரிய ஓட்டை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் சொன்னதாகவே பதிவு இல்லையென்றால் அந்த ஓட்டையை யாருக்குக் காட்டுவீர்கள்?

தானாகக் குடித்து ஏறிய போதை இந்தச் சட்ட விலக்கில் சேராது. காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் ‘ஏற்பாடு’ செய்கிறேன் என்று வருகிற புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். பொய் ஆதாரம் தனிக் குற்றம், உண்மை நோயாளியின் பேச்சையும் அது கெடுத்துவிடும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்தக் காரணத்தால் விடுதலை கிடைத்தாலும் நேரே வீட்டுக்கு வர முடியாது. கோர்ட் பாதுகாப்பான காவலில் வைக்கச் சொல்லலாம், அல்லது உறவினர் ஜாமீன் பொறுப்பேற்று மனுப் போட்டால் அவரிடம் ஒப்படைக்கலாம். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? தீர்ப்பு வரைகூடப் போகாத ஒருவரின் கதையைப் பாருங்கள். அசாமில் 1951-இல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட ஒருவர், குணமான பிறகும் சிறையிலேயே கிடந்து, விசாரணையே இல்லாமல் 2005-இல்தான் வெளியே வந்தார். 54 வருஷம்!

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வைத்துத் தரும். உதவி எண் 15100. முதல் ரிமாண்டுக்கே கேளுங்கள்.