மருத்துவமனைத் தொண்டு: வணிகர்கள் செய்யக்கூடியவை

வணிகப் பெருமக்கள் கொடையில் குறைந்தவர்கள் அல்லர். கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டடம், வெள்ள நிவாரணம் என எது வந்தாலும் முதல் ரசீது நம் கடைவீதியில்தான் எழுதப்படுகிறது. மருத்துவமனைகளுக்கும் நாம் கொடுத்தே வருகிறோம். சங்க ஆண்டு விழா நாளில் உள்நோயாளிகளுக்குப் பழமும் ரொட்டியும் வழங்குவது பல ஊர்களில் வழக்கம். ஆனால் ஆண்டில் ஒரு நாள் கூட்டமாகச் சென்று வருவதைவிட, ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தவறாமல் ஒதுக்குவது மருத்துவமனைக்குப் பெரிய உதவியாகும். நம்மால் செய்யக்கூடிய வேலைகள் எவை, அவற்றை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

வழிகாட்டும் வேலை

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் சீட்டுப் பதிவு ஓரிடம், மருத்துவர் அறை ஓரிடம், இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து வழங்குமிடம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டடத்தில் இருக்கும். கிராமத்திலிருந்து வரும் முதியவர் தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால், அதற்குள் புறநோயாளிகள் பிரிவை மூடிவிடுவார்கள். மறுநாள் மறுபடியும் பஸ் கட்டணம். துணைக்கு வந்த மகனுக்கு மறுபடியும் ஒரு நாள் கூலி நஷ்டம். சிலர் இத்துடன் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நின்று சீட்டைப் படித்துச் சொல்லவும், சக்கர நாற்காலி தள்ளவும், துணைக்கு ஆள் இல்லாதவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. பொறுமையும், மனிதரைப் பார்த்தவுடன் அவருக்கு என்ன வேண்டும் என்று அறியும் பழக்கமும் போதும். கடையில் நாள்தோறும் இதைத்தான் செய்கிறோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற வருவோர் குடும்ப அட்டை, வருமானச் சான்று போன்றவற்றில் ஒன்றில்லாமல் திரும்ப வேண்டியிருக்கும். எந்தத் தாள் எங்கே கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வதும் பெரிய உதவிதான்.

புறநோயாளிகள் கூட்டம் காலையில்தான். நமக்கும் அதுவே வியாபார நேரம். ஆகவே கல்லாவை மகனிடம் ஒப்படைத்துவிட்ட மூத்த உறுப்பினர்கள் காலை முறையை ஏற்கலாம். மற்றவர்கள் கடையில் கூட்டம் குறைந்திருக்கும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை உள்நோயாளிகளுக்கு உதவலாம்.

இரத்தம்: நாள் கடந்தால் வீணாகும் சரக்கு

இரத்த தான முகாம் நமக்குப் புதிதல்ல. மே 5 வணிகர் தினத்தன்று முகாம் நடத்தும் சங்கங்கள் உண்டு. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வணிகர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

முழு இரத்தத்தை வழக்கமான பையில் 35 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். சிவப்பணுக்களைத் தனியே பிரித்துச் சேர்மக் கரைசலில் வைத்தால் 42 நாட்கள். தட்டணுக்கள் 5 நாட்களே தாங்கும். பருப்பு மூட்டையைப் போல அடுக்கி வைக்கும் சரக்கு அல்ல இது. பால், தயிர் போன்றது. மே 5 அன்று எடுத்த முழு இரத்தம் ஜூன் 9 வரைதான். அன்று 100 பேர் கொடுத்தாலும், ஆகஸ்ட் மாதத்தில் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டுத் துடிக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு துளியும் உதவாது. ஒரே நாளில் தேவைக்கு மேல் சேர்ந்தால் ஒரு பகுதி வீணாவதும் உண்டு. கோடையில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது மாணவர் கொடை குறைந்து தட்டுப்பாடு வரும்.

விலைக்கு வாங்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, பணம் பெற்று இரத்தம் கொடுக்கும் முறை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. தானாக முன்வந்து கொடுப்பவர்களை நம்பியே இரத்த வங்கிகள் நடக்கின்றன.

ஆகவே முகாமைவிட முறைப் பட்டியல் சிறந்தது. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும் இரத்தம் கொடுக்கலாம். 65 ஆண் உறுப்பினர்கள் முன்வந்தால், வாரத்துக்கு 5 பேர் வீதம் 13 வாரங்கள் வரும். 13 வாரம் என்பது 91 நாள். 14ஆவது வாரத்தில் முதல் ஐவருக்கு மறுபடியும் முறை வந்துவிடும். ஒருவருக்கு ஆண்டில் நான்கு தடவைதான்; ஆனால் இரத்த வங்கிக்கு ஆண்டு முழுவதும் தடையில்லாத வரத்து. அந்தந்த வாரம் எந்தப் பிரிவு இரத்தம் தேவை என்று வங்கியைக் கேட்டு ஆளை முன்பின்னாக அனுப்புவது இன்னும் நல்லது.

பொதுவாக 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும், இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் கொடுக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்கலாமா என்பதை இரத்த வங்கி மருத்துவர் முடிவு செய்வார்.

கண் சிகிச்சை முகாம்

1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகப் புகழ் பெற்றதற்கு அதன் கிராம முகாம்களும் ஒரு காரணம். மருத்துவர்களையும் கருவிகளையும் மருத்துவமனை அனுப்பும். இடம் பார்ப்பது, விளம்பரம் செய்வது, வருபவர்களை ஒழுங்குபடுத்துவது ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவார்கள்.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நீண்ட நாள் வாடிக்கையாளர் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்றால், அவருக்குப் பார்வை மங்குகிறது என்பது வீட்டாருக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். முகாம் தேதியை அவரிடம் சொல்லி, வரவும் வைத்தால் ஆயிரம் துண்டுப் பிரசுரத்தைவிட அது மேல். சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்குப் போனாரா என்று கேட்பதும் நம் வேலையாக இருக்கட்டும்.

தீராத நோயாளிகளுக்கு

முற்றிய புற்றுநோயில் வலியைத் தணிப்பதும், ஆறுதல் தருவதும்தான் சிகிச்சை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், பின்னர் கேரளத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் செவிலியருடன் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். செலவின் பெரும்பகுதி பொதுமக்களின் சிறு தொகைகளால் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இப்பிரிவு செயல்படுகிறது. மாதந்தோறும் ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு அளிக்கும் பொறுப்பை ஒரு கடை ஏற்கலாம். சம்பாதிப்பவரே படுத்துவிட்ட வீட்டில் மருந்துக்கு அடுத்த தேவை அதுதான்.

செய்யக் கூடாதவை

1. அனுமதியின்றி நோயாளிக்கு உணவு கொடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழமும் இளநீரும் ஆபத்தாகலாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். கொடுக்க விரும்புவோர் நோயாளியுடன் தங்கியிருக்கும் துணையாளருக்கு உணவு, சோப்பு, தட்டு, டம்ளர் கொடுக்கலாம்.

2. எந்த மருந்து நல்லது, எந்த டாக்டர் நல்லவர் என்று யோசனை சொல்லக் கூடாது.

3. நோயாளியைப் புகைப்படம் எடுப்பதும், அவர் நோயைக் கடைவீதியில் பேசுவதும் கூடாது.

4. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் போகக் கூடாது. போகும்போதும் வரும்போதும் கை கழுவ வேண்டும்.

5. ஒப்புக்கொண்ட நாளில் வராமல் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் மாற்று ஆளை அனுப்ப வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் டீன் அல்லது நிலைய மருத்துவ அலுவலரையும், மற்ற அரசு மருத்துவமனைகளில் தலைமை மருத்துவரையும் சங்க நிர்வாகிகள் நேரில் சந்திக்க வேண்டும். "இன்னது செய்கிறோம்" என்று சொல்வதற்கு முன் "எங்கே ஆள் குறைகிறது?" என்று கேளுங்கள். நோயாளர் நலச் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பிறகு சங்கக் கடிதத்தில் தொண்டர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, அனுமதியும் அடையாள அட்டையும் பெறலாம்.

தொடக்கத்தில் 10 பேர் போதும். மூன்று மாதம் ஒரு முறையும் தவறாமல் நடந்த பின் அடுத்த வேலையை ஏற்கலாம். கடன் கொடுத்தவரிடம் தவணை தவறாதவர்கள் நாம். அதே நாணயத்தை மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் ஏழைக்கும் காட்டுவோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதைப் பொருளாக எடுத்துப் பேசி, முதல் பட்டியலைத் தயாரிக்க முன்வர வேண்டும்.