4,374 கஜமும் ஒரு தோள்பட்டையும்

ஆண்ட்ரூ லக் 2012இல் 4,374 கஜம் எறிந்தார். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் முதல் வருட வீரர் எவரும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. அப்போது சீசனுக்கு 16 ஆட்டம். 2021 முதல் 17. கூடுதலாக ஓர் ஆட்டம் கிடைத்தும் அந்த எண் அப்படியே நிற்கிறது. அதே லக், 29 வயதில் விளையாட்டை விட்டு விலகிவிட்டார். இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாக வைத்துப் படிக்க என்னால் முடிவதில்லை.

நான் ஹூஸ்டனில் பிசியோதெரபிஸ்ட். தோள்பட்டையும் முழங்காலும்தான் என் அன்றாடம். இந்த ஊருக்கு நான் வந்த சமயத்தில்தான் டெக்சன்ஸ் என்ற புது அணி இங்கே பிறந்தது. திங்கட்கிழமை காலையில் சிகிச்சைக்கு வருகிறவர்கள் முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர்களோடு பேசுவதற்காகப் பார்க்கத் தொடங்கிய ஆட்டம், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் டச் டவுன். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் சகாவுக்கு எறிவதா என்பதை அவர் மூன்று வினாடிக்குள் முடித்தாக வேண்டும். அவருக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள் சுவர்போல நிற்பார்கள். பெரும்பாலோர் 136 கிலோவுக்குக் குறையாதவர்கள். அந்தச் சுவரை உடைத்து எதிரணி உள்ளே வந்து, பந்து கையை விட்டுப் போவதற்குள் அவரைச் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக். எறிந்த பந்தை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். சகா பிடித்தால், பிடித்த பிறகு அவர் ஓடிய தூரமும் சேர்ந்தே குவார்ட்டர்பேக்கின் கணக்கில் ஏறும். ஆகவே இந்தக் கஜக் கணக்கில் பல பேருடைய கால்களும் இருக்கின்றன.

ரூக்கி என்று அழைக்கப்படும் முதல் வருட வீரருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் டிராஃப்ட் என்ற முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் உரிமை. லீக் சமநிலையாக இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: நாட்டிலேயே சிறந்த இளம் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் நாட்டிலேயே மோசமான அணிக்குத்தான் போய்ச் சேருகிறார். மோசமான அணியின் லைன் பெரும்பாலும் ஓட்டைச் சுவர். அந்த அணி ஆட்டத்தின் பாதியிலேயே பின்தங்கிவிடும். பின்தங்கினால் ஓடிக்கொண்டிருக்க நேரமில்லை, எறிய வேண்டும். எறிய எறியக் கஜம் ஏறும், அடியும் ஏறும்.

இதன் கொடுமையான உதாரணம் எங்கள் ஊரிலேயே நடந்தது. 2002இல் புது அணியான டெக்சன்ஸ் தன் முதல் தேர்வாக டேவிட் காரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே டல்லாஸை 19-10 என்று வென்றபோது ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த சீசனில் கார் 76 முறை சாக் செய்யப்பட்டார். லீக் வரலாற்றிலேயே ஒரு குவார்ட்டர்பேக் ஒரு சீசனில் வாங்கிய அதிகபட்ச சாக் அதுதான். ஹூஸ்டனில் ஐந்து சீசனில் மொத்தம் 249. அவரை ‘தோற்றுப்போன தேர்வு’ என்று பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதன் எறியும் முன்பே இத்தனை தடவை விழுந்திருந்தால், அவனுக்கு எறியத் தெரியுமா தெரியாதா என்று யாரால் முடிவு சொல்ல முடியும்? எனக்கு இன்றும் அதில் கோபம் இருக்கிறது.

லக்குக்கு வருவோம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2011இல் 2 வெற்றி, 14 தோல்வி. மாபெரும் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கைக் கழுத்துக் காயத்துக்குப் பிறகு விடுவித்துவிட்டு, லக்கை முதல் தேர்வாக எடுத்தது. சீசன் தொடங்கி ஒரு மாதத்துக்குள் தலைமைப் பயிற்சியாளர் சக் பகானோவுக்கு ரத்தப் புற்றுநோய். அவர் இடத்தில் ப்ரூஸ் ஏரியன்ஸ் பொறுப்பேற்றார். அடுத்த ஆட்டம் கிரீன்பே அணியோடு. பாதி ஆட்டத்தில் 3-21. லக் அன்று 55 முறை எறிந்தார். கடைசி 35 வினாடி இருக்கையில் ரெஜி வெய்னுக்கு எறிந்த பந்து வெற்றியைக் கொடுத்தது: 30-27. பகானோவுக்காக ஆரஞ்சு நிறக் கையுறை அணிந்து ஆடிய வெய்ன் அன்று 212 கஜம் பிடித்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் லக்கின் சாதனையைக் குறைத்துப் பேச வாய் வராது.

அவ்வருடம் கோல்ட்ஸ் 11 வெற்றி, 5 தோல்வி (11-5). லக் எறிந்தது 627 முறை, அதுவும் ரூக்கி சாதனை. ஏரியன்ஸ் நீளமான எறிதலை விரும்புகிறவர். நீளமாக எறிய சகா தூரம் ஓடும்வரை பந்தைக் கையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அடி விழும். 41 சாக். கோல்ட்ஸ் அதிலிருந்து பாடம் படிக்க வருடங்கள் ஆயின. 2015இல் எறியும் தோளில் காயம். அதே வருடம் சிறுநீரகம் கிழிந்து ஆட்டம் நின்றது. 2016இல் மறுபடி 41 சாக். 2017 ஜனவரியில் தோளில் அறுவை சிகிச்சை, அந்த வருடம் முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை.

தோளில் கிழிந்தது லேப்ரம். தோள் மூட்டின் ஆழமில்லாத குழியைச் சுற்றி விளிம்பு கட்டியது போல இருக்கும் குருத்தெலும்பு வளையம் அது. கையின் பந்துமூட்டு வெளியே நழுவாமல் அணைத்துப் பிடிப்பது அதன் வேலை. எறிகிறவர்கள் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றும்போது பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். தைத்த பிறகு முதலில் கையைத் தொங்கலில் வைத்து அசையாமல் காக்க வேண்டும். பிறகு மேசையில் துணி துடைப்பது மாதிரி சின்ன அசைவு, பிறகு ரப்பர் பட்டை இழுப்பு, எறிதல் வெகு காலம் கழித்து. வலி போன பிறகும் பயம் போகாது. கை பின்னால் போகும் அந்தக் கணத்தில் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். சாதாரண வேலைக்காரர்களிடமே இதைப் பார்த்திருக்கிறேன். எறிவதே பிழைப்பாக உள்ளவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

2018இல் கோல்ட்ஸ் கடைசியில் செய்ய வேண்டியதைச் செய்தது. முதல் சுற்றில் க்வென்டன் நெல்சன், இரண்டாம் சுற்றில் பிராடன் ஸ்மித் என்று இரண்டு லைன்மேன்களை எடுத்தது. லக் திரும்பி வந்து 639 முறை எறிந்தார். ரூக்கி வருடத்தை விட அதிகம். சாக் வெறும் 18. டச் டவுன் 39. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆறு வருடம் தாமதமாகச் செய்தார்கள், அவ்வளவுதான். 2019 ஆகஸ்ட் 24 அன்று, காயம், சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழற்சி தன்னைத் தேய்த்துவிட்டதாகச் சொல்லி லக் விடைபெற்றார். அன்றிரவு மைதானத்தை விட்டு அவர் நடந்தபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அந்தக் காட்சியை நான் மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை அதே அணியில் 1998இல் நடந்தது. ரூக்கி மேனிங் 3,739 கஜம் எறிந்தார், 26 டச் டவுன். அதுவரை ஐம்பது ஆண்டாக சார்லி கானர்லியின் 22தான் ரூக்கி சாதனை. ஆனால் மேனிங் 28 இன்டர்செப்ஷனும் எறிந்தார். ரூக்கிகளில் இன்றும் அதுவே அதிகம். அணி 3-13. கேலி கொஞ்சமல்ல. என் கண்ணில் படுவது இன்னொரு எண். 575 முறை எறிந்தும் அவர் சாக் ஆனது 22 முறை மட்டுமே. அவருக்கு நல்ல லைன் இருந்தது, அவர் பந்தைச் சட்டென்று விடுகிறவராகவும் இருந்தார். பந்து எதிரியிடம் போனது, உடம்பு பிழைத்தது. அடுத்த வருடம் அணி 13-3. தன் முதல் ஆட்டத்திலிருந்தே தொடர்ந்து 208 ஆட்டம் தொடங்கினார். எல்லோரும் வெட்கமாக எண்ணும் அந்த 28ஐ நான் மதிப்போடுதான் பார்க்கிறேன்.

2011இல் கேம் நியூட்டன் முதல் ஆட்டத்திலேயே 422 கஜம் எறிந்து அசத்தி, 4,000 தாண்டிய முதல் ரூக்கி ஆனார். 2020இல் ஜஸ்டின் ஹெர்பர்ட்டின் கதை விசித்திரம். மூத்த குவார்ட்டர்பேக் டைரோட் டெய்லருக்கு அணி மருத்துவர் போட்ட வலி ஊசி நுரையீரலைத் துளைத்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஹெர்பர்ட்டை இறங்கச் சொன்னார்கள். அந்த சீசனில் ஆடிய 15 ஆட்டத்தில் அவர் 4,336 கஜம், 31 டச் டவுன். லக்கின் சாதனைக்கு 38 கஜம்தான் குறைவு. அதே வருடம் சின்சினாட்டியின் முதல் தேர்வு ஜோ பர்ரோ, பத்து ஆட்டத்தில் 2,688 கஜம் எறிந்து லக்கின் எண்ணை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பத்து ஆட்டத்தில் 32 சாக். பத்தாவது ஆட்டத்தில் இடது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. காலை ஊன்றி எறியும்போது இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் மேலே விழுந்தால் முழங்கால் என்ன செய்யும்?

எங்கள் சி.ஜே. ஸ்ட்ரௌடைச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். 2023 நவம்பர் 5, டாம்பா பே அணிக்கு எதிராக அவர் எறிந்த 470 கஜம், ஒரே ஆட்டத்தில் ரூக்கி ஒருவர் எறிந்த அதிகபட்சம். கோல் உதைப்பவர் காயம்பட்டு, ஓட்டக்காரர் டாரே ஓகுன்பொவாலே வந்து பந்தை உதைத்த விநோதமான ஆட்டம். 46 வினாடி மிச்சம், நான்கு புள்ளி பின்னடைவு, 75 கஜம் போக வேண்டும். ஆறு வினாடி மிச்சம் வைத்து டேங்க் டெல்லுக்கு எறிந்து முடித்தார். 39-37. ஐந்து டச் டவுன். அந்த சீசனில் 4,108 கஜமும் வெறும் ஐந்து இன்டர்செப்ஷனும். டிசம்பரில் ஜெட்ஸ் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. இரண்டு ஆட்டம் உட்கார வேண்டி வந்தது. இல்லாவிட்டால் லக்கின் எண்ணை நெருங்கியிருப்பார் என்று நண்பர்கள் வருந்துவார்கள். என் வருத்தம் அதற்கடுத்த வருடத்தைப் பற்றி: 2024இல் அவர் 52 முறை சாக் ஆனார். இந்த ஊர் 2002ஐ மறந்துவிட்டதோ என்று அந்த சீசன் முழுக்கக் கலங்கினேன்.

இந்த லீக் எறிந்த தூரத்தை 1932 முதல் அதிகாரப்பூர்வமாகக் கணக்கு வைக்கிறது. சாய்த்தவர் கணக்கில் சாக் அதிகாரப்பூர்வமாக ஏறியது 1982இல்தான். ரூக்கி சாதனைப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் கஜத்துக்குப் பக்கத்திலேயே சாக் எண்ணிக்கையையும் அச்சிட்டால் நன்றாக இருக்கும். 2016இல் டாக் பிரெஸ்காட் 13-3 என்று வென்றதற்குப் பக்கத்தில் 25 சாக் என்று இருக்கும். டல்லாஸின் அருமையான லைனும், 1,631 கஜம் ஓடிய சக ரூக்கி எசெக்கியல் எலியட்டும் அந்த எண்ணிலேயே தெரிவார்கள். 2024இல் சிகாகோவின் கேலப் வில்லியம்ஸ் எறிந்த 3,541 கஜத்துக்குப் பக்கத்தில் 68 என்று இருக்கும். அந்த எண்ணை சிகாகோ நிர்வாகம் பார்த்திருக்கிறது. 2025 வசந்தத்தில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று மூன்று லைன்மேன்களை ஒரே மூச்சில் கொண்டுவந்தது. லக்குக்கு ஆறு வருடம் கழித்துக் கிடைத்தது, இந்தப் பையனுக்கு இரண்டாம் வருடமே கிடைத்திருக்கிறது.