ஏலக்காய் ஸ்டோரில் ஒரு சிறு சுவிட்ச்

உடும்பஞ்சோலைப் பக்கம் பறித்த பச்சை ஏலக்காயைக் கழுவி, ஸ்டோரில் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரவு முழுக்க உலர்த்துகிறோம். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போகும். ஏலத்தில் விலையும் போகும். இப்போது நம் பிள்ளைகள் நுண்கட்டுப்படுத்தி வைத்து, சூடு ஏறினால் காற்றாடி தானே ஓடும்படி செய்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ரிலே அடிக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் புரோகிராமைத்தான் திட்டுவார்கள். பழுது பெரும்பாலும் நடுவிலுள்ள டிரான்சிஸ்டரைச் சுற்றியே இருக்கும். கலைச்சொல்லாளர் இதைத் திரிதடையம் என்பர்.

இந்த மூன்றுகால் பொருள் மதகு போன்றது. பேஸ் காலில் சிறு மின்னோட்டம் விட்டால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டம் பாயும். 12 வோல்ட் ரிலேச் சுருளின் தடை 400 ஓம் என்றால் அதற்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும். சுவிட்சாக முழுதும் திறக்க, அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லி ஆம்பியர், பேஸுக்குக் கொடுப்பது வழக்கம். 5 வோல்ட் பின்னுக்கு 1,000 ஓம் தடை வைத்தால் 4.3 கிடைக்கும், போதும். 1 லட்சம் ஓம் வைத்தால் மதகு சரியாகத் திறக்காது.

பழுது பார்க்கும் முறை இது. முதலில் 230 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எமிட்டரில் வைத்து, பின்னை 'ஆன்' நிலையில் நிறுத்தி, மூன்று இடங்களைப் பார்க்கவும்.

1. பின்: 5 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் புரோகிராம் அல்லது பின் பழுது. இரண்டு சப்ளைகளின் கிரவுண்டும் இணைந்துள்ளனவா என்றும் பாருங்கள்.

2. பேஸ்: சுமார் 0.7 வோல்ட். 5 வோல்ட்டை நெருங்கினால் டிரான்சிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யம் என்றால் தடையைப் பாருங்கள்.

3. கலெக்டர்: 0.2 வோல்ட் அளவு. நடுவே 5, 6 என்று நின்றால் மதகு பாதிதான் திறந்திருக்கிறது, டிரான்சிஸ்டர் சுடும். 12லேயே நின்றால் கால்களை மாற்றி வைத்திருக்கலாம். பிசி547இன் தட்டை முகத்தை நம் பக்கம் வைத்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் இவ்வரிசை தலைகீழ்.

ரிலே சில நாள் வேலை செய்து, பிறகு விடாமல் பிடித்துக்கொண்டால் டையோடு இல்லை என்று சந்தேகிக்கலாம். சுருளை நிறுத்தும் கணத்தில் அது பெரிய எதிர் மின்னழுத்தத்தைத் தள்ளும். பிசி547 தாங்குவதோ 45 வோல்ட். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு வைத்து, அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி பற்றவைக்க வேண்டும். அதன் விலை சில ரூபாய். காப்பதோ ஒரு இரவின் காய்.

இவ்வளவும் சரியாக இருந்தால் புரோகிராமைத் தாராளமாகத் திட்டலாம். அளந்து பார்த்துப் பேசுவது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, மின்சாரத்துக்கும் பொருந்தும்.