கடைசி கிளப் நம்ம நாட்டில்!

உங்களுக்கு ஒரு கேள்வி. ஸ்வீடனில் பிறந்து, லண்டனில் பேரும் புகழும் வாங்கிய ஒரு கால்பந்து வீரர், கடைசியாக எந்த நாட்டு கிளப்புக்கு ஆடினார் தெரியுமா? நம்ம இந்திய கிளப்புக்குத்தான்!

அவர் பெயர் ஃப்ரெடி யுங்பெரி. நடுக்கள ஆட்டக்காரர். தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு மைதானத்தில் பறந்தவர். அவர் இருந்தபோதுதான் லண்டனின் ஆர்சனல் அணி, ஒரு பருவம் முழுக்க லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கியது.

பிழைப்புக்காகப் பெங்களூரு, திருப்பூர் என்று கிளம்பிப் போகும் நம்ம தர்மபுரிக்காரர்கள் மாதிரி, அவரும் ஆட்டத்துக்காக ஊர் ஊராகப் போனார். அமெரிக்கா, ஸ்காட்லாந்து, ஜப்பான் எல்லாம் சுற்றிவிட்டு, 2012-ல் ஓய்வும் அறிவித்துவிட்டார்.

ஆனால் 2014-ல் இங்கே இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி தொடங்கியது. ஒவ்வோர் அணியிலும் உலகம் அறிந்த ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. மும்பை சிட்டி அணி கூப்பிட்டது. ஓய்வை ஓரம் வைத்துவிட்டு வந்து இறங்கினார் யுங்பெரி. ஆடியது சில ஆட்டங்கள்தான். அதோடு அவருடைய கால்பந்து வாழ்க்கை முடிந்தது.

அந்த முதல் பருவத்தில் அதிக கோல் அடித்தவரும் ஒரு நடுக்கள வீரர்தான். பிரேசிலின் எலானோ. எந்த அணிக்கு என்கிறீர்களா? நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு!