நரம்பணுக்களுக்கு நடுவே

தோலின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், உயிரணுக்கள் செங்கல் அடுக்கினாற்போல் தனித்தனியே தோன்றும். நரம்புத் திசு அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அணுக்களின் கிளைகள் பின்னிக் கிடப்பதால், எது எங்கே முடிகிறது என்பதே விளங்காது.

1873-இல் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி, பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துணுக்கை வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். சில அணுக்கள் மட்டும் கிளைநுனி வரை கறுத்தன. எல்லாம் கறுத்திருப்பின் மை கொட்டிய தாளைத்தான் அவர் கண்டிருப்பார்! ஆயினும், நரம்புகள் யாவும் ஒரே தொடர்ந்த வலை என்றே அவர் கொண்டார்.

ஸ்பெயின் நாட்டு ரமோன் ஈ காஹாலோ, அதே முறையால் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, நரம்பணுக்கள் நெருங்குமேயன்றி ஒன்றாவதில்லை என்று 1888-இல் எழுதினார். 1906-இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசுக்குரிய சொற்பொழிவிலேயே கோல்கி மற்றவர் கொள்கையை மறுத்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழக்கைத் தீர்த்தது. பெரும்பாலான சந்திப்புகளில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு இடைவெளி தென்பட்டது. மின்துடிப்பு அவ்விடம் சேர்ந்ததும், நுண்பைகளிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளிப்பட்டு, அக்கரையிலுள்ள அணுவைத் தூண்டுகிறது. நரம்பு தசையைச் சேருமிடத்திலும் இதே ஏற்பாடுதான். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தோய்த்த குராரே நஞ்சு, தசையின் பக்கத்தில் அவ்வேதிப்பொருளுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. நரம்பு கட்டளையிட்டும் தசை அசைவதில்லை. 1942-இல் மான்ட்ரியல் நகரில், அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த அந்நஞ்சையே மருந்தாக அளந்து செலுத்தினர்.